குண்டு நிரப்பும்போது ஒரு கனைப்பு

என் அன்புக்கும் பயத்துக்கும் ஒரே நேரத்தில் உரியவரான அத்திம்பேருக்கு,

நீங்கள் இப்போது இருக்கிற இடத்தில் துப்பாக்கியைப் பற்றிக் கேள்வி கேட்டு யாரும் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை என்று நம்புகிறேன். இங்கே நான் செய்தது போதும்.

பத்மா அக்கா சௌக்கியம். முட்டி வலி இருக்கிறது, தைலம் மாறிக்கொண்டிருக்கிறது. காந்தி ரோட்டில் பட்டுக்கடைகள் இன்னும் பெரிதாகிவிட்டன, முகூர்த்த நாளில் சைக்கிளை உருட்டிக்கொண்டுகூடப் போக முடியவில்லை. நீங்கள் வாசல் பக்கம் வைத்த செம்பருத்தியை அடுத்த வீட்டு மாமா தினமும் காலையில் தன்னுடையதாகவே நினைத்துப் பறிக்கிறார். நீங்கள் இருந்தபோது அவருக்கு அந்த எண்ணம் வந்ததில்லை.

முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. நீங்கள் போய்விட்டீர்கள், ஆனால் உங்கள் தொண்டை போகவில்லை. அது போலந்திலும் பிரேசிலிலும் இன்னும் பெயர் தெரியாத ஊர்களிலும் கனைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை அச்சில் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமை உங்கள் பழக்கமில்லை என்பதும் தெரியும்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே வீடு. கீழே நீங்களும் அக்காவும், மாடியில் நான். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகனாக இருக்கிறேன். அங்கே கம்ப்யூட்டர் படிக்கிற மாணவர்கள், திருப்பித் தராத புத்தகங்களுக்குப் பரிகாரமாக, எனக்கு ஒரு சிடி கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரைப் பற்றிய விளையாட்டு. நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் இதை ஏன் விளையாட ஆரம்பித்தான் என்று கேட்டால், முதலில் விளையாடுவதற்காக இல்லை. அதில் தப்பு கண்டுபிடிப்பதற்காக. நிறைய கிடைத்தது. முக்கியமாக, பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்திருந்த த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் தப்பாக இருந்தது.

கோயில் யானை நெற்றியில் போடுவது வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போனவர்களின் ஊரில் பிறந்தவனுக்கு, துப்பாக்கிக் கட்டையின் வளைவுக்காக முன்பின் தெரியாதவர்களோடு இண்டர்நெட்டில் சண்டை போடுவது இயல்பாக வந்தது. சண்டையில் பலனில்லை. அந்த மாணவர்களிடமே பாடம் கேட்டு, நானே அந்தத் துப்பாக்கியைத் திரையில் திருத்திச் செய்ய ஆரம்பித்தேன். கம்பெனி கொடுத்த ஆயுதத்தை எடுத்துவிட்டு நாம் செய்ததைப் பொருத்தலாம். அதற்கு மாட் என்று பெயர். உங்களுக்கு விளக்கியபோது, "மூலவர் அப்படியே இருப்பார், நாம சாத்துப்படி அலங்காரத்த மட்டும் மாத்தறோம்" என்றேன். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினீர்கள்.

"என்னடா இது, இந்த வயசுல பொம்மை?"

"பொம்மை இல்ல அத்திம்பேர். த்ரீ நாட் த்ரீ. நீங்க பட்டாளத்துல பிடிச்சதாச்சே."

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு, ஹும்.

இந்தக் கனைப்பைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பெருமாள் வீதியில் புறப்படும்போது முன்னால் பாசுரம் சொல்லிக்கொண்டு போகிற கோஷ்டியில் நீங்கள் ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து ஓர் ஆள். அந்த வரிசையில் ஒருவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டால் யாரும் நிறுத்திச் சொல்ல மாட்டார்கள். கோஷ்டியை நிறுத்தக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் ஒரு தடவை கனைப்பார். அவ்வளவுதான். தவறியவர் அடுத்த அடிக்குள் சரி செய்துகொள்வார். அந்தக் கனைப்பை நீங்கள் கோயிலோடு விட்டுவிடவில்லை. குழம்புக்கும் அதுதான், அரசாங்கத்துக்கும் அதுதான், எனக்கும் அதுதான்.

"என்ன தப்பு, அத்திம்பேர்?"

"போல்ட்ட திறக்கறச்சே இத்தனை சத்தம் வராதுடா. வெண்ணெய் மாதிரி வழுக்கிண்டு வரும். மூடறச்சேதான் கனம். ஸ்பிரிங் அப்பத்தான் இழுபடும். இவன் ஜெர்மன்காரன் துப்பாக்கிக்கு இங்கிலீஷ்காரன் சட்டைய மாட்டி விட்டிருக்கான்."

போல்ட் என்பது ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய இரும்புத் தண்டு. கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நான் பல வாரம் புத்தகங்களில் தேடிய விஷயம் இது. நீங்கள் சொன்னதைப் பிறகு சரிபார்த்தேன். உங்களிடம் சொல்லாமல்தான். சரியாக இருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் நமக்கு ஒரு வேலை கிடைத்தது. கட்டை சரியானது, வார் மாட்டும் வளையம் சரியானது, குறி பார்க்கும் தகடு சரியானது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கனைப்பு. கடைசியில் சத்தம் மட்டும் பாக்கி. குண்டுகளை நிரப்பி போல்ட்டை இழுத்து மூடுகிற சத்தம்.

சின்ன காஞ்சிபுரத்தில் த்ரீ நாட் த்ரீக்கு எங்கே போவது? போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுப் பார்க்கலாமா என்றேன்.

"கேளேன். உள்ள வெச்சுப் பூட்டி அந்தச் சத்தத்தையும் சேத்துக் குடுப்பான்" என்றீர்கள்.

வீட்டில் இருந்த தாழ்ப்பாள்கள் அத்தனையையும் பரிசோதித்தோம். குளியலறையுடையது மெலிசு. வாசல் கதவினுடையது கோயில் கதவு மாதிரி பெரியது. கொல்லைக் கதவின் நீளமான இரும்புத் தாழ்ப்பாள்தான் கொஞ்சம் ஒத்து வந்தது. திறக்கும்போது வழுக்க வேண்டும் என்று அதற்கு நல்லெண்ணெய் விட்டீர்கள். மூடும்போது கனக்க வேண்டும் என்று கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டீர்கள். இழுத்தீர்கள், தள்ளினீர்கள், காதைச் சாய்த்தீர்கள்.

அக்கா சமையலறையிலிருந்து கத்தினாள். "ரெண்டு பேருக்கும் வேற வேலை வெட்டி இல்லையா? கொல்லைக் கதவ இப்படித் தெறந்து தெறந்து மூடினா பூனை உள்ள வந்துடாதா?"

"ராணுவ ரகசியம். நீ உள்ள போ" என்றீர்கள்.

"பெரிய ராணுவம்!" என்றாள் அக்கா.

பிற்பகல். மாடியிலிருந்து கம்ப்யூட்டரைக் கீழே இறக்கி, மைக்கைக் கதவோரம் வைத்திருந்தேன். மின்சாரம் போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் ஒவ்வொரு தடவையும் "இன்னொண்ணு" என்றீர்கள். எனக்குக் கண் முழுக்கத் திரையில். கடைசியாக ஒரு தடவை இழுத்துத் தள்ளினீர்கள். தள்ளிய சத்தம் முடிவதற்குள், அதன் வாலோடு ஒட்டிக்கொண்டு, ஹும். நான் ரெக்கார்டை நிறுத்தினேன். நீங்கள் ஏதோ சொல்ல ஆரம்பித்தீர்கள். நான் சேமித்துக்கொண்டிருந்தேன். "ம், ம்" என்றேன். மின்சாரம் போனது. அக்கா காபி கொடுத்தாள். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

என்ன சொன்னீர்கள், அத்திம்பேர்?

அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உங்களுக்கு மார்வலி வந்தது அந்த வாரத்துக்குள். ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அங்கே தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு நான் இறங்கவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது யோசித்தால், நீங்கள் அந்தக் கேள்வியை விரும்பியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. சுற்றியிருந்த எல்லாரும் உங்கள் தலையணையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

காரியங்கள் முடிந்த கையோடு நான் செய்த வேலையை ஒளிக்காமல் சொல்கிறேன். ஸ்வீடனிலோ எங்கோ ஒருவன் இதே துப்பாக்கியைச் செய்து வெளியிடப் போவதாக அறிவித்திருந்தான். அவனை முந்த வேண்டும். வேறு ரெக்கார்டுகளில் தெருவில் போன ஆட்டோ இருந்தது, அக்கா கத்தியது இருந்தது. கடைசியில் எடுத்ததுதான் சுத்தம், அந்தக் கனைப்பைத் தவிர. கனைப்பை வெட்டினால் மூடுகிற சத்தத்தின் பாதியும் வெட்டுப்படுகிறது. அப்படியே பொருத்திவிட்டேன். அவ்வளவு பெரிய ஃபைலை வீட்டுத் தொலைபேசி இணைப்பில் அனுப்ப முடியாது என்பதால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ப்ரௌசிங் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதை நடத்துகிற குமார் தென்னேரிக்காரர், உங்களுக்கும் தெரிந்தவர்தான்.

"இன்னா சார், வூட்ல சாவு வுழுந்துகீது, நீங்க இன்னாடான்னா துப்பாக்கிய ஏத்திக்கினு இருக்குறீங்க?"

"அவரோடதுதான் குமார்."

"அவரு துப்பாக்கி வெச்சிருந்தாரா? ஐயரு வூட்லயா?"

"ஐயர் இல்ல, ஐயங்கார்" என்று திருத்தினேன். அந்த நேரத்திலும்.

துப்பாக்கிக்கு நல்ல வரவேற்பு. ஸ்வீடன்காரன் பாராட்டி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டான். அப்புறம் கனைப்பைப் பற்றி விவாதம் ஆரம்பித்தது. இண்டர்நெட்டில் அதற்கு இரண்டு சம்பிரதாயங்கள் உண்டாகிவிட்டன. அது பிழை, எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்று. வெடிமருந்துப் புகையில் சிப்பாய்கள் கனைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், ஆகவே அதுதான் வரலாற்றுக்கு நெருக்கமானது என்பது மற்றொன்று. இரண்டாவது கட்சிக்காரர்கள் எழுதியதைப் படித்தால் நமக்கே நம்பிக்கை வந்துவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி முன்பே இருந்திருந்தால் யானை தப்பித்திருக்கும்.

நன்றி சொல்லும் இடத்தில் நான் எழுதியது ஒரே வரி. இந்திய ராணுவத்தில் பணியாற்றிய என் அக்காவின் கணவர் உதவினார் என்று. அது உண்மை. ஆனால் கொஞ்ச நாளில் அந்த இண்டர்நெட்காரர்கள் உங்களைப் பர்மா போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு மறைந்திருந்து சுடுவதில் வல்லவராக்கினார்கள். அந்தப் போர் நடந்தபோது நீங்கள் தவழ்ந்துகொண்டிருந்தீர்கள். ராணுவத்தில் நீங்கள் சேர்ந்தது கல்விப் பிரிவில். ஜவான்களுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக்கொடுத்தீர்கள். துப்பாக்கி பிடித்தது பயிற்சியில், அட்டைப் பொம்மையைச் சுடுவதற்கு. எனக்கு இது எல்லாம் தெரியும். துப்பாக்கியில் ஓர் ஆணி இடம் மாறினால் ஒரு பக்கம் எழுதுகிற நான், உங்கள் வாழ்க்கையே இடம் மாறியபோது ஒரு வரி எழுதவில்லை. ஏனென்றால் சுட்டவர் சொன்ன துப்பாக்கி என்றால் அதற்கு ஒரு மரியாதை. கணக்கு வாத்தியார் சொன்ன துப்பாக்கி என்றால் யார் சீந்துவார்கள்?

இதில் அக்கா எப்படி வந்தாள் என்று கேட்பீர்கள். ஒரு நாள் மாடிக்கு வத்தல் காயப்போட வந்தாள். நான் விளையாடிக்கொண்டிருந்தேன். என் சிப்பாய் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து குண்டு நிரப்பினான். தாழ்ப்பாள், ஹும். அக்கா தட்டோடு வாசல்படியில் நின்றுவிட்டாள்.

"அத இன்னொரு தரம் போடு."

போட்டேன்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் வருகிறாள். கல்லூரி இருக்கிற நாட்களில் நான் வரும் வரை காத்திருக்கிறாள். திரையைப் பார்க்க மாட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து விளக்குத்திரி திரித்துக்கொண்டிருப்பாள். "யாரையும் சுடாதே. நிரப்பு மட்டும்" என்பாள். நிரப்ப வேண்டுமென்றால் முதலில் காலி செய்ய வேண்டும். ஆகவே வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு நிரப்புவேன். அதற்குள் எதிரி வந்து என் சிப்பாயைக் கொன்றுவிடுவான். இண்டர்நெட் வழியாக மறுபக்கத்தில் விளையாடுகிறவர்கள், வானத்தோடு சண்டை போடும் இந்த ஆள் யார் என்று நினைத்திருப்பார்கள். சாகட்டும் என்று விட்டுவிட்டு மறுபடி நிரப்புவேன். அக்கா தலையை லேசாக ஆட்டுவாள்.

அப்போதெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பேன். துக்கத்தில் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பயத்தில். அது வெறும் தொண்டைக் கரகரப்பா, தப்பு என்று சொல்கிற கனைப்பா என்று எனக்கு ஒரு சந்தேகம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. தப்பு என்றால், நீங்கள் ஒப்புக்கொள்ளாத ஒன்றை உங்கள் பெயரில் ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். அதை அக்கா ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

போன வாரம் போலந்துக்காரர் ஒருவரிடமிருந்து ஈமெயில் வந்தது. எல்லாருடைய ஆயுதங்களையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்து வெளியிடுகிறார். இனி எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துவார்கள். என்னுடையதையும் கேட்டார். கூடவே ஓர் உபகாரமும் செய்திருந்தார். மூடுகிற சத்தத்தை வேறு ஏதோ இரும்பில் எடுத்து ஒட்டி, உங்களை நீக்கியிருந்தார். "உங்கள் ஒலியிலிருந்த இரைச்சலை அகற்றிவிட்டேன், சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்" என்று பணிவாக எழுதியிருந்தார். இரைச்சல். உங்களுக்குக் கோபம் வரும். எனக்கு வரவில்லை. அவர் செய்தது நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம்.

சம்மதம் என்றால் உங்கள் கனைப்பு உலகத்திலிருந்து போய்விடும். மறுத்தால், ஒருவேளை நீங்கள் தப்பு என்று கனைத்த சத்தம் உலகத்தில் இருக்கும். எதைச் செய்தாலும் உங்களுக்குத் துரோகம். இதற்கு மேல் தனியாகச் சுமக்க முடியாமல், பர்மா கதை உட்பட எல்லாவற்றையும் சொல்லி அக்காவிடமே கேட்டேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இது சும்மா தொண்டையா, இல்ல தப்புன்னு கனைச்சதா?"

"போடு."

போட்டேன். இன்னொரு தடவை என்றாள். போட்டேன்.

"சும்மா தொண்டைன்னா சின்னதா ரெண்டு வரும்டா. இது ஒண்ணு, நீளமா. மோர்க்குழம்புல உப்பு ஜாஸ்தியானா இதேதான்."

"அப்போ தப்பா?"

"தப்புதான். அதுல என்ன சந்தேகம்?"

விளையாட்டை நிறுத்தினேன். "மொதல் நாளே தெரியுமா ஒனக்கு?"

"வத்தல் தட்டோட நின்னப்பவே தெரிஞ்சுடுத்து."

"தெரிஞ்சுண்டேதான் தெனம் வந்து கேட்டியா?"

அக்கா திரியை மடியில் வைத்தாள். "வேற என்னடா கேக்கறது? நன்னாயிருக்குன்னு அந்த மனுஷர் என்னிக்காவது சொல்லியிருக்காரா? அப்படி ஏதாவது நீ போட்டுக் காட்டியிருந்தா யார் குரல்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. குத்தம் சொன்னார், தெரிஞ்சுது."

போலந்துக்காரரின் சுத்தமான சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள்.

"நன்னாத்தான் பண்ணியிருக்கான். கதவு மாதிரி இருக்கு."

"நான் என்ன பண்ணட்டும்?"

"என்னைக் கேட்டா இருக்கட்டும்பேன். ஆனா தப்புன்னு எழுதிடு. தப்ப சரின்னு வித்தா அவருக்குப் பிடிக்காது. அந்த பர்மா கதையையும் எடு. நம்மாத்துல எலி செத்தா வெளில போட என்னைக் கூப்பிட்ட மனுஷர்டா அவர். சுட்டாராம்!"

சிரித்தாள். அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எது தப்பு என்று அக்காவாலும் சொல்ல முடியவில்லை. தள்ளும்போது கனம் போதவில்லையா? எண்ணெய் அதிகமா? கடைசியில் ஒரு சின்ன சொடுக்கு விட்டுப்போயிற்றா? இரண்டு நாளாகக் கொல்லைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படிச் செய்தாலும் எனக்குச் சரியாகவே கேட்கிறது. அதுதான் எனக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் போலிருக்கிறது.

கனைப்போடுதான் தருவேன் என்று போலந்துக்காரருக்கு நேற்று பதில் எழுதினேன். கனைப்பு இருந்தால் தொகுப்பில் இடமில்லை என்று அவர் இன்று காலை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். நியாயம்தான். நம் துப்பாக்கியை இனிமேல் தேடி வருகிறவர்கள் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்காகப் பழைய நன்றி வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: "குண்டு நிரப்பும் சத்தம் தப்பு. எங்கே தப்பு என்று எனக்குத் தெரியாது. கனைத்தவர் சரி. அவர் ராணுவத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். யாரையும் சுட்டதில்லை."

இதை எழுதியதால் மனம் லேசாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள். சத்தத்துக்குக் குறிப்பு எழுதலாம். அன்றைக்கு நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டு "ம், ம்" என்றேனே, அதற்கு என்ன குறிப்பு எழுதுவது? அதற்குத் திருத்திய பதிப்பு கிடையாது.

ஆகவே என்னால் முடிந்த வாக்கு ஒன்றைத்தான் தருகிறேன். அந்தச் சத்தத்தை நான் இனித் தொட மாட்டேன், யார் வந்து புகழ்ந்தாலும் அது சரியான சத்தம் என்று சொல்லவும் மாட்டேன். என் பக்கத்தில் யாராவது பேச வாயெடுத்தால், கையிலிருப்பதை வைத்துவிட்டுத் திரும்பி, "என்ன?" என்று கேட்பேன். அக்காவிடம் ஆரம்பித்திருக்கிறேன். அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அத்திம்பேர். பெரும்பாலும் உங்களைப் பற்றிய புகார்கள்.

என்றும் உங்கள் பேச்சைப் பாதியில் விட்ட மச்சினன்,
சம்பத்து